பத்து வயதில் பிளாக் பெல்ட்: கராத்தே வகுப்பிடம் எதை எதிர்பார்க்கலாம்?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பத்து வயது நிறைந்துவிட்டது. இரண்டாம் வகுப்பில் சேர்ந்தது முதல், பள்ளி வளாகத்தில் மாலை வேளையில் நடக்கும் கராத்தே வகுப்புக்குப் போய்வருகிறாள். மஞ்சளில் தொடங்கிப் பச்சை, நீலம் எல்லாம் கடந்து இப்போது பழுப்புப் பட்டை அணிந்திருக்கிறாள். அடுத்த ஆண்டு முழுப்பரீட்சைக்கு முன்பே பிளாக் பெல்ட் வாங்கிவிடலாம் என்று மாஸ்டர் சொல்கிறார். தேர்வுக் கட்டணம், சான்றிதழ், கட்டாயப் பயிற்சி முகாம் எல்லாம் சேர்த்தால் எங்கள் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அன்று. ஆனாலும் என் தயக்கத்துக்குக் காரணம் பணம் இல்லை.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, அவளைவிட ஒரு வயது மூத்த அத்தை மகன் விளையாட்டாக அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் இழுத்தான். எதிராளி இல்லாமல் தனியாக வரிசையாகச் செய்யும் கட்டா எனும் அசைவுத் தொடருக்குக் கோப்பை வாங்கியவள், கையை உருவிக்கொள்ளத் தெரியாமல் அழுதுவிட்டாள். வகுப்பில் இதுவரை எவரும் தன்னைப் பிடித்ததே இல்லை என்று பிறகு சொன்னாள். மாஸ்டரிடம் கேட்டேன். முதலில் அடிப்படை உறுதியாக வேண்டும், ஸ்பாரிங் எனும் மோதல் பயிற்சி எல்லாம் பிளாக் பெல்ட்டுக்குப் பிறகுதான் என்றார்.

இது கராத்தேயின் இயல்பா, அல்லது இந்த வகுப்பின் குறையா? ஜூடோவுக்கோ குத்துச்சண்டைக்கோ மாற்றிவிடலாமா? ஆண்டு விழாவில் குழந்தைகளை ஓடு உடைக்கச் சொல்கிறார்கள், அது தேவைதானா? அண்மைக் காலமாக முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றும் சொல்கிறாள். நீண்ட காலம் கற்பித்த அனுபவம் உள்ளவர்கள் இருந்தால், மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

---

மறுமொழி: இளவேனில்

நானும் ஒரு தாய்தான். என் மகன் இத்தகைய பள்ளி வகுப்பில்தான் படித்தான். வீட்டை விட்டு வெளியே வரவே கூச்சப்பட்டவன், இன்று நூறு பேர் முன்னால் நின்று பேசுகிறான். பட்டைத் தேர்வு என்று ஒன்று இருந்ததால்தான் மழைநாளிலும் வகுப்புக்குக் கிளம்பினான். உடற்பயிற்சியும் ஒழுங்கும் கிடைக்கின்றன என்றால் அதுவே பெரிய பயன். சண்டை போடத் தெரிய வேண்டும் என்று பத்து வயதுக் குழந்தையிடம் எதிர்பார்ப்பது சரியா என்றும் யோசியுங்கள். அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள் என்பதே என் கருத்து.

---

மறுமொழி: பொருநைப் பயிற்றுநர்

அம்மா, உங்கள் மகள் அழுததில் அவள் குறை எதுவும் இல்லை. நான் 1980களில் மாணவனாகத் தொடங்கி, இப்போது வகுப்புகளைப் பெரும்பாலும் என் மாணவர்களிடம் ஒப்படைத்துவிட்டவன். நீங்கள் கேட்டபடியே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

உங்கள் மகள் முதன்முதலில் கற்ற கட்டா, வகுப்பு ஷோட்டோகான் எனும் கராத்தே வழியைச் சேர்ந்ததாக இருந்தால், ஹெய்யான் ஷோடானாக இருக்கும். மற்ற சில வழிகளில் அதையே பினான் நிடான் என்பார்கள். அதன் தொடக்கத்தில், பின்புறம் திரும்பித் தாழ்வாகத் தடுத்த பிறகு, முன்காலைப் பின்னுக்கு இழுத்து, வலக்கையை வளைத்து உருவி, மூடிய முட்டியால் மேலிருந்து அடிக்கும் ஓர் அசைவு வரும். மணிக்கட்டைப் பிடித்த ஒருவனிடமிருந்து கையை விடுவித்துக்கொள்ளும் அசைவு என்றே பொதுவாக அதை விளக்குவார்கள். அதாவது, அத்தை மகன் பிடித்தபோது அவளுக்குத் தேவைப்பட்ட அதே அசைவை, மஞ்சள் பட்டைக்கும் முன்பிருந்தே அவள் நூற்றுக்கணக்கான முறை செய்திருப்பாள். அந்த அசைவைச் செய்யும்போது ஒருமுறைகூட எவரும் அவள் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை என்பதுதான் குறை. பிடி எவ்வளவு இறுக்கமாக இருக்கும், கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கும், இழுக்கப்படும்போது தன் உடல் எடை எங்கே போகும் என்பதெல்லாம் காற்றில் கை வீசுவதால் தெரியவராது.

கராத்தேயே இப்படித்தானா என்று கேட்டீர்கள். இதற்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. ஜப்பானின் தெற்கே உள்ள ஒக்கினாவாத் தீவில் இக்கலை சிறு எண்ணிக்கையிலான மாணவர்களுக்கு ஆசிரியர் நேரடியாகக் கைபிடித்துக் கற்றுக்கொடுத்த கலையாக இருந்தது. 1900களின் தொடக்கத்தில் அங்கிருந்த கராத்தே ஆசிரியர் இத்தோசு அன்கோ அதைப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தார். உங்கள் மகள் செய்யும் ஹெய்யான் கட்டாக்கள் ஐந்தும் அவர் பள்ளி மாணவர்களுக்காக அமைத்த பினான் வரிசையிலிருந்து வந்தவையே. வரிசையாக நிற்க வைத்து, எண்ணிக்கை சொல்லி, எல்லோரும் ஒரே நேரத்தில் அசையும் முறை அந்தக் காலத்துப் பள்ளி உடற்கல்விக்குப் பொருத்தமாக இருந்தது. உடல் நலமும் கட்டுப்பாடும் நோக்கம் என்பதால், அசைவுகளின் சண்டைப் பொருள் அங்கே அழுத்திச் சொல்லப்படவில்லை. பின்னர் ஜப்பானின் பல்கலைக்கழகங்களிலும், அங்கிருந்து உலகெங்கும் பரவியபோதும் பெரும்பாலும் பள்ளி வடிவமே பரவியது. நம் ஊர்ப் பள்ளி வளாகத்தில் நீங்கள் காண்பதும் அதன் தொடர்ச்சியே. அதில் இழுக்கு எதுவும் இல்லை. இளவேனில் அவர்கள் சொன்ன கூச்சம் தெளிதலும் ஒழுங்கும் உண்மையான பயன்களே. ஆனால் உடற்கல்வியைக் கொடுத்துவிட்டுத் தற்காப்பு என்று பெயர் சொல்லிக் கட்டணம் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர் கராத்தேக்காரர் அல்லர். 1882இல் கோடோகான் எனும் ஜூடோ பள்ளியை நிறுவிய கானோ ஜிகோரோ, ஜுஜுட்சு எனும் பழைய ஜப்பானிய மல்லுக்கட்டு முறைகளிலிருந்து மிகவும் ஆபத்தான நுட்பங்களைக் கட்டாவுக்குள் ஒதுக்கி வைத்துவிட்டு, எறிதலையும் பிடித்து அழுத்துவதையும் எதிராளி முழு வலிமையோடு எதிர்க்கும் நிலையில் நாள்தோறும் பழகச் செய்தார். ராண்டோரி எனப்படும் இந்தப் பயிற்சிதான் ஜூடோவின் உயிர். நூறு கொடிய நுட்பங்களைப் பாவனையாகப் பழகுபவரைவிட, பத்து எளிய நுட்பங்களை உண்மையாக எதிர்ப்பவர்மீது பழகியவர் திறமையானவராக இருப்பார் என்பதை என் வாழ்நாள் முழுவதும் கண்டிருக்கிறேன். ஆகவே எந்த வகுப்பையும் நான் மதிப்பிடும் முதல் கேள்வி, எதிரே நிற்பவருக்கு மறுக்கும் உரிமை இருக்கிறதா என்பதே. எந்தக் கலை, எந்த வழி, எந்த நாட்டுச் சான்றிதழ் என்பவை எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

ஸ்பாரிங் பிளாக் பெல்ட்டுக்குப் பிறகு என்பது பழைய மரபு என்று சிலர் சொல்வார்கள். ஷோட்டோகான் வழியின் முன்னோடியான ஃபுனாகோஷி கிச்சின் தடையற்ற மோதல் பயிற்சியை விரும்பவில்லை என்பது உண்மைதான். ஆனால் 1930களிலேயே அவருடைய பல்கலைக்கழக மாணவர்கள் அதை நோக்கி நகர்ந்துவிட்டார்கள். அவர் மறைந்த 1957ஆம் ஆண்டிலேயே ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதல் அகில ஜப்பான் போட்டியை நடத்தியது. பத்து வயதுக் குழந்தைக்கு முகத்தில் குத்து வாங்கும் ஸ்பாரிங் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தலையில் அடி விழும் பயிற்சி அந்த வயதில் கூடவே கூடாது. மணிக்கட்டைப் பிடிப்பது, சட்டையைப் பிடிப்பது, தள்ளுவது, கோட்டுக்கு வெளியே இழுப்பது, தோளைத் தொட்டுப் புள்ளி எடுப்பது என்று மறுப்பும் போராட்டமும் உள்ள விளையாட்டுகளை ஆறு வயதிலேயே தொடங்கலாம். குழந்தைகள் அதைச் சிரித்துக்கொண்டே செய்வார்கள்.

போட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். விதி எதை விலக்குகிறதோ, அந்த இடத்தில் ஆட்டக்காரரின் பழக்கத்திலும் ஓர் ஓட்டை விழும். கியோகுஷின் எனும் கராத்தே வழியின் போட்டியில் உடலில் முழு வேகத்தில் குத்தலாம், தலையில் உதைக்கலாம், முகத்தில் கையால் குத்தக் கூடாது. அதனால் அங்கே வளர்ந்தவர்கள் வலியைத் தாங்குவதில் மலை போன்றவர்கள், ஆனால் கையைத் தாழ்த்தி நெஞ்சோடு நெஞ்சாக நிற்கப் பழகிவிடுகிறார்கள். உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதியில் வேகமும் தூரக் கணிப்பும் கூர்மையாகின்றன, ஆனால் அடியின் வலிமை அடக்கப்பட வேண்டும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஆண்கள் அதிக எடைப் பிரிவின் இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். முன்னிலையில் இருந்த சவுதி வீரர் தாரெக் ஹமேதியின் தலை உதையில் ஈரானின் சஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார். அளவு மீறிய தாக்குதல் என்று ஹமேதி தகுதி நீக்கம் செய்யப்பட, தங்கம் கஞ்ச்சாதேவுக்குச் சென்றது. அந்த விதியின்படி அது சரியான தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் அடக்கத் தெரிவதும் அங்கே சோதிக்கப்படும் திறன்தான். ஆனால் அந்த விதிக்குள் மட்டும் வளரும் பிள்ளையிடம், இது விளையாட்டு, தெருவில் நடப்பது வேறு என்று ஆசிரியர் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

பட்டைகள் கராத்தேயின் பழமையான சொத்து அல்ல. கானோ ஜூடோவுக்கு வகுத்த தரவரிசையிலிருந்து ஃபுனாகோஷி 1924இல் டான் எனும் பிளாக் பெல்ட் தரத்தை எடுத்துக்கொண்டார். வண்ணப் பட்டைகளின் வரிசையோ ஐரோப்பாவின் ஜூடோ சங்கங்களில் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த வழக்கம். குழந்தைக்கு அது ஊக்கம் தரும், மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் தேர்வெழுதி எல்லோரும் தேர்ச்சி பெறும் இடத்தில் பட்டை வகுப்பின் வருமானமாகிவிடுகிறது. பதினாறு வயதுக்கு முன் முழு பிளாக் பெல்ட் தருவதை நான் ஏற்பதில்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சிறுவர் தரம் என்று தனியாகக் குறித்து, வளர்ந்த பிறகு மறுபடியும் சோதிக்க வேண்டும். தனக்கு இல்லாத திறமை இருப்பதாக ஒரு பெண் குழந்தையை நம்ப வைப்பது அவளுக்குச் செய்யும் தீங்கு.

ஓடு உடைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஓடுகளுக்கு இடையே சிறு கட்டை வைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே உடையும். பார்க்க வியப்பாக இருக்கும், சண்டைத் திறனைப் பற்றி அது எதையும் சொல்லாது. வளரும் எலும்புள்ள கையாலும், அதைவிடக் கொடுமையாக நெற்றியாலும், குழந்தைகளை உடைக்கச் செய்வதை எந்த ஆண்டு விழாவும் நியாயப்படுத்தாது.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். பிரம்பால் அடிப்பது, தண்ணீர் குடிக்க விடாமல் வெயிலில் நிறுத்துவது, வாத்து நடை நடக்க வைப்பது ஆகியவற்றை ஒழுக்கம் என்று எண்ணும் வகுப்புகள் இன்னும் இருக்கின்றன. அவை உடலுக்குக் கேடு என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெரியவர் சொன்னால் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிய வேண்டும், வலித்தாலும் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு குழந்தைக்கு வாரம் மூன்று நாள் பழக்கிவிட்டு, அதைத் தற்காப்பு என்று எப்படி அழைக்க முடியும்? குழந்தைகளுக்கு வரும் துன்பம் பெரும்பாலும் முன்பின் தெரியாதவனிடமிருந்து வருவதில்லை. உறவினர், அண்டை வீட்டார், ஆசிரியர், பயிற்சியாளர் என்று அவர்கள் மதிக்கும்படி நாமே சொல்லிக்கொடுத்த ஒருவரிடமிருந்துதான் வருகிறது. அங்கே குத்தும் உதையும் உதவுவதைவிட, வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லும் துணிவும், வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லலாம் என்ற நம்பிக்கையும்தான் உதவும். என் வகுப்பில் ஒரு குழந்தை, மாஸ்டர் இது வலிக்கிறது, நான் செய்ய மாட்டேன் என்று சொன்னால், அன்றைய பாடத்தில் அதுதான் சிறந்த பதில் என்று மற்றவர்கள் முன்னால் சொல்வது என் வழக்கம். பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்காத வகுப்பு எதுவாக இருந்தாலும், ஆசிரியர் எவ்வளவு புகழ் பெற்றவராக இருந்தாலும், அன்றே பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை என் மாணவர்கள் அனைவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

கத்தியைப் பிடுங்கும் நுட்பங்களைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். வகுப்புகளில் ஒருவர் ஓர் அடி முன்வைத்துக் கத்தியை நீட்டி, நீட்டிய கையை அப்படியே நிறுத்திவைத்திருக்க, மற்றவர் அதை அழகாக முறுக்குவார். உண்மையில் குத்த வருபவன் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அடுத்தடுத்து வேகமாகக் குத்துவான். விலகி ஓடுவதும், கேட்டதைக் கொடுத்துவிடுவதும், கூச்சலிட்டு ஆள் சேர்ப்பதும், இடையே ஒரு மேசையையோ வண்டியையோ வைத்துக்கொள்வதும்தான் நான் கற்பிப்பவை. ஓட்டப் பயிற்சி இல்லாத தற்காப்பு வகுப்பை நான் முழுமையானதாகக் கருதுவதில்லை.

---

மறுமொழி: எலும்பும் தசையும்

நான் இயன்முறை மருத்துவர். மூட்டு வலியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ள எலும்பு மேட்டில் வலித்து, தொட்டால் நோகிறது, குதித்தாலும் உதைத்தாலும் கூடுகிறது என்றால், வளரும் வயதுப் பிள்ளைகளில் அடிக்கடி காணப்படும் ஆஸ்குட் ஷ்லாட்டர் எனும் பாதிப்பாக இருக்கலாம். தொடைத் தசையின் தசைநார் எலும்போடு சேரும் இடம் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், திரும்பத் திரும்ப இழுபடும்போது அங்கே வலி உண்டாகிறது. பெரும்பாலும் குதித்தலையும் ஆழ்ந்து உட்காருவதையும் குறைத்தாலே தணியும். ஆயினும் எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். வெறுங்காலில் சிமென்ட் தரையில் குதிப்பது, தாழ்ந்த நிலையில் நீண்ட நேரம் நிற்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சரிவது, காற்றில் உதைத்து மூட்டை முழுவதுமாகப் பூட்டுவது, இருவர் சேர்ந்து ஒரு குழந்தையின் கால்களை அழுத்தி விரிப்பது ஆகிய நான்கும் அந்த வகுப்பில் நடக்கின்றனவா என்று நேரில் பாருங்கள்.

---

மறுமொழி: எறிபந்தயம்

கல்லூரிக் காலத்தில் ஜூடோ ஆடியவன் நான். பயிற்றுநர் ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். அப்படியானால் கட்டாவை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? பல சண்டைக் கலைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும் யூஎஃப்சி போட்டி 1993இல் முதன்முறையாக அமெரிக்காவில் நடந்தபோது, தரையில் மல்லுக்கட்டும் ஹாய்ஸ் கிரேசி மற்ற கலைக்காரர்களை வரிசையாக வென்ற பிறகு, அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றே எங்களைப் போன்றவர்கள் நினைக்கிறோம். பெண் குழந்தையை நேராக ஜூடோவில் சேர்த்துவிடுவதே நல்லது. முதல் மாதமே விழக் கற்றுக்கொள்வாள், பிடியிலிருந்து விடுபடவும் கற்றுக்கொள்வாள்.

---

மறுமொழி: பொருநைப் பயிற்றுநர்

தம்பி, விழக் கற்பது பற்றி நீங்கள் சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். வாழ்நாளில் எவரோடும் சண்டையிடாத மனிதரும் என்றாவது ஒருநாள் வழுக்கி விழத்தான் செய்வார். அருகில் நல்ல ஜூடோ வகுப்பு இருந்தால், வைகைக்கரை அம்மா தயங்காமல் சேர்க்கலாம். ஆனால் நம் மாவட்டங்களில் பாய் விரித்த ஜூடோ அரங்கு எல்லா ஊரிலும் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கட்டாவைப் பற்றிய உங்கள் முடிவில் நான் வேறுபடுகிறேன். எதிர்ப்போடு பழகியவரின் கையில் கராத்தேயும் வேலை செய்யும். 2009இல் யூஎஃப்சியின் லைட் ஹெவிவெயிட் பட்டத்தை வென்ற லியோட்டோ மச்சிதா, தந்தையிடம் ஷோட்டோகான் கற்று வளர்ந்தவர். எட்டாத தூரத்தில் நின்று, எதிராளி அடியெடுத்து வைக்கும் கணத்தில் உட்புகுந்து குத்தும் அவருடைய முறை கராத்தேயிலிருந்து வந்ததே. அவர் மல்லுக்கட்டும் கற்றார் என்பதும், தன்னை வீழ்த்த விரும்பியவர்களோடு நாள்தோறும் பழகினார் என்பதும் அதே அளவுக்கு உண்மை. கட்டா ஒரு குறிப்பேடு. ஓர் அசைவை எடுத்து, ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, முதலில் மெதுவாகவும் பிறகு விடாப்பிடியாகவும் பிடிக்கச் சொல்லிப் பழகினால் அது உயிர் பெறும். கோஜு எனும் கராத்தே வழியில் காகியே என்று ஒரு பயிற்சி உண்டு. இருவர் முன்கைகளை ஒட்டவைத்துத் தள்ளியும் இழுத்தும் எதிராளியின் எடையைக் கையாலேயே உணரப் பழகுவார்கள். அதை வாரம் இருமுறை செய்த பிள்ளைகளின் கட்டாவில் இடுப்பும் காலும் தாமாகவே சேர்ந்து இயங்குவதைக் கண்டிருக்கிறேன். தனியாக நடக்க முடியாத நோயாளிகளும் முதியவர்களும் எளிய கட்டாவால் நலம் பெற்றதையும் கண்டிருக்கிறேன், ஆகவே அதைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது.

---

மறுமொழி: வைகைக்கரை

எல்லோருக்கும் என் நன்றி. நேற்று மாலை வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன், மாஸ்டர் தடுக்கவில்லை. சிமென்ட் தரைதான். முக்கால் மணி நேரமும் எண்ணிக்கைக்கு அசைந்தார்கள், ஒருவரை ஒருவர் தொடவே இல்லை. ஆனால் மாஸ்டர் குழந்தைகளிடம் அன்பாகத்தான் இருக்கிறார், அடிப்பதும் திட்டுவதும் இல்லை. மகளுக்கும் அவரை மிகவும் பிடிக்கும். விட்டுவிடவும் மனம் வரவில்லை, இப்படியே தொடரவும் மனம் வரவில்லை. அவரிடம் இதை எப்படிப் பேசுவது, ஐயா? குறை சொல்வதாக எடுத்துக்கொள்வாரோ என்று அஞ்சுகிறேன்.

---

மறுமொழி: பொருநைப் பயிற்றுநர்

அன்பாக நடத்துபவர், பெற்றோரைப் பார்க்க விடுபவர் என்றால், பாதிக்கு மேல் நல்ல ஆசிரியர்தான். பல மாஸ்டர்கள் தாங்கள் கற்ற விதத்திலேயே கற்பிக்கிறார்கள். அவர்கள் மாணவர்களாக இருந்தபோதும் எவரும் அவர்கள் மணிக்கட்டைப் பிடித்திருக்க மாட்டார்கள். ஆகவே அவரைத் தனியாகச் சந்தித்து, வீட்டில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். ஹெய்யான் ஷோடானில் வரும் அந்த மணிக்கட்டு விடுவிப்பை இருவர் இருவராகப் பிடித்துப் பழக, வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளியை நோக்கிக் கையைத் திருப்பி, முழங்கையை வயிற்றோடு சேர்த்து, கையால் மட்டும் இழுக்காமல் முழு உடலோடு பின்னே அடி வைத்து உருவ வேண்டும். பிடிப்பவர் முதலில் இலேசாகவும், பிறகு உண்மையாகவும் பிடிக்க வேண்டும். விடுபட்டதும் நின்று அடிக்காமல், சத்தமிட்டபடி கதவு வரை ஓடுவதும் பயிற்சியின் பகுதியாக இருக்கட்டும். இரண்டு ரப்பர் பாய்களுக்குப் பெற்றோர் சிலர் சேர்ந்து பணம் போட்டால் தரைச் சிக்கலும் ஓரளவு தீரும். பிளாக் பெல்ட் தேர்வுக்கு எடுத்துவைத்த தொகையில் அது முடிந்துவிடும்.

மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை அவள் குதிக்கவும் ஆழ்ந்து உட்காரவும் வேண்டாம், தேர்வையும் ஓராண்டு தள்ளிப் போடுங்கள். மாஸ்டர் உங்கள் கோரிக்கையைக் கேட்டுக்கொண்டு முயன்று பார்த்தால், அவரிடமே தொடரட்டும். கேள்வி கேட்டதற்காக அவள்மீது முகம் சுளித்தால், அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.